வீட்டுக்குள் ஒரு வாக்கு

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் ஸம்ஸியாவின் தாய்மாமன் ஸைனுலாப்தீன் மரைக்கார் வந்து, உட்காராமலே சொல்லிவிட்டுப் போனார்.

“நம்மட குடியில ஒரு வோட்டும் வெளிய போகப்படாது மகள். காக்காட சின்னத்த மறந்திராத.”

காக்கா என்றால் அவளுடைய அண்ணன் அச்சிமுகம்மது. பெரிய கட்சியொன்றின் பட்டியலில் மாவட்ட சபைக்கு நிற்கிறார். அவருக்கு எதிரே சுயேச்சைக் குழுவில் நிற்பது யாரென்றால், அவளுடைய புருஷன் றஸாக். குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருவது. ஒரே சகன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டாலும் புருஷன் வேற்றுக் குடிதான். இந்தச் சீத்துவத்தில் அவள் வாக்குச் சீட்டில் யாருக்குப் புள்ளடி போடுவாளாம்?

அவர்கள் குடியிருக்கும் வீடே காக்கா கட்டியது. கரைவலை இழுத்து உழைத்து, தங்கச்சிக்கு வீடு முடியும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட மனுஷன் அவர்.

றஸாக் ஒரு மாதிரியான ஆள். பயங்கரவாதத் தடை என்ற புதுச் சட்டத்தில் பொலிஸ் பிடித்துப்போன பிள்ளைகளுக்காக, தமிழ்க் காரைதீவா முஸ்லிம் சாய்ந்தமருதா என்று பாராமல் பெட்டிசம் எழுதி எழுதி விரல் காய்த்தவன். அவன் தேர்தலில் நிற்பது கூட்டாளி ஸலாஹுதீனுக்கே பிடிக்கவில்லை. இந்த முற்றத்தில் வைத்தே ஏசினார்.

“சபையில மதகுக்கும் றோட்டுக்கும் கை தூக்கலாம். புடிபட்ட புள்ளைக்கு என்ன செய்ய ஏலும்?”

“கதைக்க ஏலும்,” என்றான் றஸாக். “கதைச்சத அவங்க சபைக் குறிப்பில எழுதித்தானே ஆகணும். வெளிய நிண்டு குடுக்கிற பெட்டிசம் குப்பைக்குத்தானே போகுது.”

தேத்தண்ணீர் கொண்டுவந்த ஸம்ஸியாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன் வேலிக்கு வேலி நின்று, “உங்கட வோட்டு உங்கட, ஒருத்தரும் கட்டளை போட ஏலாது” என்று சொல்லி ஊரிலெல்லாம் வோட்டுக் கேட்டானே, வீட்டில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வாக்களிக்கும் நாள் காலையில் கேட்டே விட்டாள்.

“ஊர்ல ஒருத்தரையும் விடல்ல. என்னட்ட மட்டும் ஏன் கேக்கல்ல?”

சேட்டுப் பொத்தானில் இருந்த அவன் கை நின்றது.

“உன்ட காக்கா கட்டின வீட்டுக்குள்ள நிண்டு எப்பிடிப் புள்ள கேக்கிற? நான் கேட்டா உனக்குக் கட்டாயமாப் போயிரும்.”

“கேட்டா இல்லெண்டு சொல்லவாவது எனக்கு ஏலும். மாமா கட்டளை போட்டுட்டுப் போனார். நீங்க பேசாமலே இருந்துட்டீங்க. ரெண்டு பேரும் என்னட்டக் கேக்கல்லதானே.”

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வேலியில் நின்று பேசிய வாய் தடுமாறியது. பெண் கேட்டு வந்தவன்போல் கூச்சத்தோடு, “எனக்குப் போடுவியா புள்ள?” என்றான்.

அந்த நேரம் அவன் மீது அவளுக்கு எத்தனை இரக்கம், எத்தனை ஆசை. ஆனாலும், “யோசிச்சுப் பாக்கிறன்” என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

பள்ளிக்கூடத்து வெளிவாசலில் தெருவுக்கு அந்தப் பக்கம் காக்கா, இந்தப் பக்கம் அவன். காக்கா தலையசைத்துச் சிரித்தார். அவன் நிலத்தைப் பார்த்தான். உள்ளே அவளுடைய குடிப் பெண்கள் வரிசையாகப் போய், கண் மூடித் திறக்குமுன் புள்ளடி போட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் முறை வந்தது. மறைப்புக்குப் பின்னே சீட்டை விரித்து, நூலில் கட்டிய பென்சிலை எடுத்தாள்.

“கெதியா வாங்க உம்மா, ஆக்கள் நிக்கிறாங்க,” என்றார் உத்தியோகத்தர்.

“இருங்க சேர்,” என்றாள் ஸம்ஸியா. “நான் இன்னும் யோசிச்சு முடியல்ல.”

வரிசை நின்றது. அவள் அவசரப்படவில்லை.