நிற்காத விசை

முதன்முதலாகக் கடலைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் வியாகுலம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஆரம்பித்த துப்பாக்கிச் சங்கம் மெட்ராஸ் போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்பும். ஒன்று டிரில் டீச்சரான இவள், இல்லாவிட்டால் தோல் மண்டி வீட்டு ஷரீஃபா. யார் என்பது இன்றைக்குச் சிறுமலை அடிவாரத்தில் தெரிந்துவிடும். அதற்குள் இவள் ஊரெல்லாம் டமாரம் அடித்தாயிற்று. கருவாட்டுக்காரியிடம்கூட, "ஒன் கருவாடு பொறந்த ஊருக்குப் போறேன்டி" என்று சொல்லிவிட்டாள்.

துப்பாக்கியில் அவளுக்கு உயிரே விரலால் இழுக்கிற அந்த விசைதான். அதில் இரண்டு கட்டம் உண்டு. இழுத்தால் முதலில் லேசாக, தளர்வாக வரும். பிறகு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கே மூச்சை அடக்கி, குறியைச் சரிபார்த்து, இன்னும் துளி அழுத்தினால் வெடிக்கும். அந்த நிற்கிற இடம் இருக்கிறதே, அங்கே அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறும். ஒரே குறை, அந்தக் கடைசி அழுத்தல் கரகரவென்று இருந்தது. சங்கச் செயலாளர் நூர் அகமதுவிடம் அனுமதி வாங்கி, பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் புருசன் ஸ்தனிஸ்லாஸிடம் அதைச் சரிபண்ணக் கொடுத்திருந்தாள்.

காலையில் அவன் துப்பாக்கியும் கருவிப் பையுமாக நேரே மைதானத்துக்கே வந்தான். இருந்த குஷியில் ஒரு தடவை இழுத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கணக்கில் சேராத முதல் குண்டுக்காகக் குப்புறப் படுத்து விசையை இழுத்தாள். நிற்கும், நிற்கும் என்று இழுத்தால் எங்கே நின்றது? டப்! குண்டு பலகைக்கு ஒரு முழம் தள்ளி மண்மேட்டில் புழுதி கிளப்பியது.

"டீச்சரக்கா, மண்ணுக்கா குறி வச்சீக?" என்று பக்கத்தில் படுத்திருந்த ஷரீஃபா சிரித்தாள்.

வியாகுலம்மாள் குண்டுகளைக் கழற்றிவிட்டுப் புருசனிடம் ஓடினாள். "என்னங்க பண்ணித் தொலைச்சீக?"

"பாத்தியா, எங்கயுமே தட்டல! வெண்ணெய் மாதிரி போகுதுல்ல?" அவன் முகமெல்லாம் பல். பாவம், சாவி எங்காவது தட்டினால் அது பூட்டே இல்லை என்று வளர்ந்த மனுசன்.

"அட கிறுக்கு மனுசா! பூட்டுக்குத்தான் தட்டக் கூடாது. எனக்குத் தட்டணும்! அங்கதானே நான் நிக்கிறேன்!"

அவன் முகம் தொங்கிப்போனது. திருகுகளைக் கழற்றி விசையை எடுத்துக் காட்டினான். அதன் தலையில் இரண்டு சின்ன மேடுகள். குண்டை வெடிக்கவைக்கும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியை முதல் மேடு தளர்வாகத் தள்ளும். இரண்டாவது மேடு வந்து முட்டும்போதுதான் விசை நிற்கும். இவன் வழுவழுப்பாக்குகிறேன் என்று இரண்டாவதை அரத்தால் ராவு ராவென்று ராவியிருந்தான்.

"ராவுன இரும்ப இனி ஒட்டவா முடியும்?" என்றான். மெட்ராஸ் போச்சு என்று அவளுக்கும் அழுகை முட்டியது. ஆனால் விரல் மேடுகளைத் தடவிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, ரெண்டாவதக் கொறச்சதால அது வெடிச்சப்புறம் பிந்தி வருது. மொதலையும் கொறச்சா?"

அவன் வாயைப் பிளந்தான். "ரெண்டாவது முந்தி வந்துரும்! ஏ வியாகுலம்!"

"ஷரீஃபா சுட்டு முடிக்கிற வரைக்கும்தான் டைம்," என்றார் நூர் அகமது. ஸ்தனிஸ்லாஸ் புழுதியிலேயே சம்மணம் போட்டான். அவன் ராவுவான், மாட்டுவான். அவள் குண்டில்லாமல் இழுத்துப் பார்ப்பாள்.

"நிக்கல. இன்னும் துளி. ஐயோ, பாத்து, பாத்து! நிக்கல. ஆ... நிக்குது! நிக்குதுங்க!" சுற்றி ஆட்கள் நிற்கிறார்களே என்றுகூட இல்லாமல் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். நூர் அகமது தானும் இழுத்து, தானாக விடுபடுகிறதா என்று துப்பாக்கிக் கட்டையைத் தரையில் குத்திப் பார்த்து, தலையாட்டினார்.

பிறகென்ன! ஒவ்வொரு தடவையும் விசை வந்தது, நின்றது, துளி அழுத்தியதும் அலுங்காமல் வெடித்தது. ஷரீஃபாவின் குண்டுகளில் ஒன்று கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயிருந்தது. இவள் தாளிலோ அத்தனை ஓட்டையையும் ஓரணாக் காசால் மூடிவிடலாம். "டீச்சர்தான் மெட்ராஸ்!" என்றார் நூர் அகமது. ஷரீஃபா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் மட்டும் தள்ளி நின்று வேட்டியில் ஒட்டிய இரும்புத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நானும் கூட வரவா?"

"பட்டறையப் போட்டுட்டு நீங்க எதுக்கு?"

"நானும் கடலப் பாத்ததில்ல, வியாகுலம்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் ஓயாமல் கடல், கடல் என்று கூத்தாடியவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, நானும் போகணுமேங்கிற ஆசையில ராவும்போது கை நடுங்கியிருக்குமே," என்றான்.