கல்யாணக் கோட்டு

பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரீத்தா கோட்டின் காலரைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஷாம்பு போட்டாயிற்று, எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று, சோடா உப்பும் கொட்டிப் பார்த்தாயிற்று. அந்தச் சிவப்புச் சனியன் மட்டும் போவேனா என்றது. அவள் கைகளில் ஏறியதுதான் மிச்சம்.

வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் அவள் அப்பா அந்தோணிதாஸ் படுத்திருந்தார். கரும்பு ஆலையில் முப்பது வருஷம் உழைத்த உடம்பு, காலை ஆறு மணிக்கு அடங்கிவிட்டது. நாலு மணிக்கு அடக்கம். "என் கல்யாணக் கோட்ட போட்டுத்தான் என்ன பொட்டியில வைக்கணும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

அந்தக் கோட்டைத்தான் அவள் அவரிடம் கேட்காமல் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போயிருந்தாள். கள்ளக்குறிச்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாறுவேட உடை வாடகைக்கு விடுகிற கடை அவளுடையது. பழைய துணி என்றால் அவளுக்கு ஒரு பைத்தியம். ஒரு இங்கிலீஷ் ஸ்கூலில் ஹாலோவீன் என்று பேய் வேஷ விழா கொண்டாடப் போவதாகச் சொன்னதும் கால் தரையில் நிற்கவில்லை. காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்த அப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு சென்னை பாரிமுனைக்கு பஸ் ஏறி, பிளாஸ்டிக் எலும்புக்கூடும் சிலந்தி வலையும் பூசணி விளக்குமாக மூட்டை கட்டி வந்தாள். ரத்தம் குடிக்கிற பேய்க்குப் பழங்காலத்துக் கோட்டு வேண்டுமாம். அப்பாவுடைய கோட்டின் காலரில் சிவப்புக் கேசரி கலரைக் கரைத்துத் தன் கையாலேயே தெளித்தாள். அலசினால் போய்விடும், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள். நேற்று சாயங்காலம்தான் கோட்டு திரும்பி வந்தது.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?" அண்ணன் டேவிட் வந்து நின்றான். "டிரங்குப் பொட்டியில தேடினா கோட்ட காணோம்."

"அந்துருண்டை நாத்தம் ஜாஸ்தியா இருந்துச்சுண்ணா. அலசினேன்."

"சாவு வூட்லயா அலசுவ? குடு, நேரமாவுது."

இஸ்திரி போட்டும் ஈரம் போகவில்லை. கறுப்புத் துணியில் கறை அவ்வளவாகத் தெரியவில்லை. புது வெள்ளைச் சட்டைக்கு மேல் கோட்டை மாட்டி, சவப்பெட்டியில் கிடத்தினார்கள். நல்லவேளை, தப்பித்தோம் என்றுதான் ரீத்தா நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பங்குச் சாமியார் வருவதற்குள் எஸ்தர் அத்தை அலறினாள். "ஐயோ, எங்கண்ணனுக்கு ரத்தம் வருதே!"

ஈரம் இறங்கி வெள்ளைக் காலர் கழுத்தோரமாகச் சிவந்திருந்தது. கூட்டம் நெருங்கியது. "உள்ளுக்குள்ள இன்னாவோ உடைஞ்சிருக்கு, இருமி இருமியே" என்றார் ஒருவர்.

"ஏம்மா, கூடவே தான இருந்த?" டேவிட் அம்மாவிடம் திரும்பினான். "ரத்தம் கக்கினாரா? ஒரு போன் பண்ணக்கூடாதா?"

அம்மா மலங்க விழித்தாள். "நாலு நாளா கண்ண மூடலடா. விடிகாலம்தான் கொஞ்சம் அசந்துட்டேன். கூப்டிருப்பாரோ? என் காதுல வுழலியே. கூப்டிருப்பாரு..." தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் கொன்னுட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளைக்குக் கல்லறைத் திருநாள், எல்லோரும் பூவும் மெழுகுவத்தியுமாகப் போய்விடுவார்கள். ஆனால் அம்மா இதையே சொல்லிக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பாள்?

"அது ரத்தம் இல்லம்மா" என்றாள் ரீத்தா. "கேசரி கலரு. நான்தான் கோட்ட ஸ்கூல் பேய் வேஷத்துக்குக் குடுத்தேன். நான்தான் தெளிச்சேன்."

டேவிட் கையை ஓங்கிவிட்டு, பெட்டியைப் பார்த்து இறக்கிக்கொண்டான். அத்தை, "அடிப்பாவி!" என்றாள். அம்மாவும் அதையே சொல்வாள், சொல்லட்டும், மயிரைப் பிடித்து இழுத்து நாலு சாத்துச் சாத்தட்டும் என்று ரீத்தா பக்கத்தில் போய் நின்றாள்.

"ரத்தம் இல்லியா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப அவரு என்ன கூப்புடல இல்ல?"

ரீத்தா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"மாதா புண்ணியம். நல்லவேள சொன்னடி, எங்கண்ணு" என்று அம்மா அவள் இரண்டு கைகளையும் இழுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். சாமியார் உள்ளே வந்தார், பெட்டி மூடியைத் தூக்கினார்கள். அம்மா கைகளை விடவில்லை. அவளுடைய இரண்டு கன்னங்களிலும் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது.