கச்சதீவில் ஒரு தேத்தண்ணிக் கொட்டில்

கிறேசம்மா அந்த வகுப்புக்குப் போனதே புருஷனைத் திருத்துவதற்காகத்தான்.

சில்வெஸ்ரர் கெட்ட மனிதர் அல்ல. நெடுந்தீவுக் கரையில் அவரை விட நேரத்தோடு கடலுக்குப் போகிறவரும் இல்லை, அவரை விட அதிகமாய்ப் பாடுகிறவரும் இல்லை. ஆனால் காசு அவருடைய கையில் தங்காது. மீனோடு வள்ளம் கரைக்கு வந்தால், கரையில் நிற்கிற எல்லோருக்கும் கறிக்கு மீன் போன பிறகுதான் விற்கிற மீன் எது என்று பார்ப்பார். கச்சதீவு அந்தோனியார் திருநாள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பலூன், கைம்பெண்கள் எல்லோருக்கும் மெழுகுதிரி, வழியில் கண்டவனுக்கெல்லாம் சோடா. போன வருசம் இராமேஸ்வரத்து வியாபாரி ஒருவனிடம் ஒரு சுவர் மணிக்கூடு வாங்கினார். வள்ளம் நெடுந்தீவுக்கு வந்து சேரமுன்னமே அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பாஸ்குத் திருநாள் வரைக்கும் வீட்டில் குரக்கன் பிட்டும் சொதியும்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் சுவாமியார் ஒரு அறிவித்தல் சொன்னார். குடும்ப வரவு செலவைப் பற்றி ஒரு வகுப்பு கோயில் மண்டபத்தில் நடக்கப் போகிறது. வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் ஆரும் வரலாம். ஆனால் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான் வரவேண்டும். கிறேசம்மா அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டாள்.

"என்ரை மடியிலை என்ன கிடக்கெண்டு ஊருக்குச் சொல்ல, நான் என்ன பாவசங்கீர்த்தனத்துக்கோ போறன்?" என்றார் சில்வெஸ்ரர்.

"தேத்தண்ணியும் விசுக்கோத்தும் குடுப்பினமாம்."

"ஆர் சொன்னது?"

"கன்னியர் மடத்துச் சிஸ்ரர்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

வகுப்பு நடத்த வந்தவள் ஜசிந்தா. நாரந்தனைப் பிள்ளை, ஊர்காவற்றுறையில் ஒரு சிக்கனச் சங்கத்தில் வேலை. குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி வந்து மடத்தில் தங்கியிருந்தாள். வந்தவுடனே கரும்பலகையில் "அத்தியாவசியம்", "அநாவசியம்" என்று இரண்டு பெரிய சொற்களை எழுதினாள். ஆண்கள் கொட்டாவி விட்டார்கள். கிறேசம்மாவின் பக்கத்து வளவு அன்னமுத்து இருந்தபடியே நித்திரை ஆகிவிட்டாள். அவளுடைய புருஷன் குழந்தைவேலு, ஊரில் அதிக மாடு வைத்திருக்கிற மனிதர், எழுந்து நின்று, "பிள்ளை, பசு ஒண்டு கண்டு போட நிக்குது. கெதியாய் முடிப்பீரோ?" என்று கேட்டார்.

ஜசிந்தா பலகையைத் துடைத்துவிட்டு, சிஸ்ரரிடம் குசினிக்குள் புளியங்கொட்டை இருக்குமா என்று கேட்டாள்.

கொட்டை வந்தது. சீமெந்து நிலத்தில் சோக்கட்டியால் ஆளுக்கொரு வரிசையாய்ப் பெட்டிகள் கீறினாள். சாப்பாடு ஒரு பெட்டி, தொழில் ஒரு பெட்டி, பிள்ளைகள் ஒன்று, கோயில் கொண்டாட்டம் ஒன்று, கடைசியாக "மற்றது" என்று ஒன்று. ஆண்களை மண்டபத்துக்குள் விட்டாள். பெண்களை விறாந்தைக்கு அழைத்துக்கொண்டு போய் அங்கேயும் அதேபோலக் கீறினாள்.

"ஆளுக்கொரு பிடி கொட்டை. போன மாசம் உங்கடை வீட்டுக் காசு எங்கை எங்கை போனதெண்டு வையுங்கோ. யோசிக்கக் கூடாது. கை போற இடத்திலை வையுங்கோ."

பிறகு ஆண்களை விறாந்தைக்கும் பெண்களை உள்ளுக்கும் மாற்றிவிட்டாள். அவரவர் துணை வைத்த கொட்டையை அவரவர் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் எழுந்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். குழந்தைவேலு கொட்டை முழுவதையும் மாட்டுக்கென்று தொழில் பெட்டியிலேயே வைத்திருந்தார். சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. அன்னமுத்து மாட்டுக்கு ஒரு கொட்டைகூட வைக்கவில்லை. "அது தன்ரை பாட்டுக்கு மேயுது. அதுக்கென்ன செலவு?" என்றாள். சில்வெஸ்ரரோ "மற்றது" பெட்டியிலே ஒரு குன்று கட்டியிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கிறேசம்மா இதைத்தான் எதிர்பார்த்து வந்தாள். "பாத்தியளோ பிள்ளை, பாத்தியளோ" என்று ஜசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்த நேரம் விறாந்தையிலிருந்து சில்வெஸ்ரரின் குரல் வந்தது. "கிறேஸ், இஞ்சை ஒருக்கால் வா. இதென்ன?"

அவள் வைத்த "மற்றது" பெட்டியிலும் ஒரு சின்னக் குவியல் இருந்தது. யோசிக்காமல் வைக்கச் சொன்னதால் கை உண்மையைச் சொல்லிவிட்டது. கிறேசம்மாவுக்கு முகம் சூடாகியது. ஊசி நூல் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, குந்தியிருந்து சேலைத் தலைப்பால் குவியலை மூடினாள்.

"இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை," என்றாள் ஜசிந்தா. "வீட்டை போய்க் கதையுங்கோ. அதுதான் வீட்டுவேலை."

வீடு வரைக்கும் கல்வேலி ஓரமாய் அவர் முன்னே நடக்க, அவள் பின்னே நடந்தாள். வீட்டுக்குள் போனதும் கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே வைக்கோலில் பொதிந்தபடி ரோசாப் பூப்போட்ட கோப்பைகள் அடுக்கடுக்காய் இருந்தன. சைக்கிளில் வருகிற வியாபாரியிடம் கிழமைக்குக் கிழமை கொஞ்சங்கொஞ்சமாய்க் காசு கட்டி எடுத்தது. பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி ஆட்கள் வருகிற நாளில் சிரட்டையிலா தேத்தண்ணி கொடுப்பது என்று தொடங்கியது; பிறகு அந்த ரோசாப் பூவில் ஒரு ஆசை பிடித்துவிட்டது.

சில்வெஸ்ரர் ஒரு கோப்பையை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தார். கணீர் என்றது.

"நல்ல சாமான். ஏன் ஒளிச்சனீ?"

"உங்களுக்குத் தெரிஞ்சால் ஆராவது கேட்ட உடனை தூக்கிக் குடுத்துப்போடுவியள்."

அவர் கோப்பையை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். குற்றம் பிடித்த சிரிப்பு அல்ல. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. "அது மெய்தான்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கிறேசம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. விளையாடப் போன பிள்ளைகள் ஓடிவந்து, என்ன நடந்தது என்று தெரியாமல், தாங்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று பின்னேரம் வரைக்கும் இருவரும் முற்றத்தில் இருந்து கதைத்தார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து காசைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறார்களே தவிர, கதைத்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் வகுப்பு சூடு பிடித்தது. ஜசிந்தா ஒருவரையும் கொண்டாட்டத்தை விடச் சொல்லவில்லை. "திருநாளும் செலவுதான். ஆனால் முதலே கதைச்சு வைச்ச செலவாய் இருக்கவேணும். பெரிய சாமான் ஒண்டு வாங்கிறதெண்டால் இரண்டு பேரும் ஓமெண்டு சொல்லவேணும்," என்றாள். சில்வெஸ்ரரும் கிறேசம்மாவும் கச்சதீவுக்கென்று ஒரு குவியல் ஒதுக்கினார்கள். அது சின்னக் குவியல். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதோடை நான் அங்கை போகேலாது. சனம் என்னைப் பாத்து என்ன நினைக்கும்?"

"சைவக்காரன் நானே போறன், நீர் வராமல் விடுறதோ?" என்றார் குழந்தைவேலு.

கிறேசம்மாவின் வாயில் வந்த பதிலை அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. "செலவழிக்கத்தான் போகவேணுமெண்டு ஏன் நினைக்கிறியள்? இந்த முறை உழைக்கப் போவம்."

மண்டபத்தில் எல்லோரும் ஒரேயடியாய்ப் பேசினார்கள். வகுப்பில் இருந்த குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சமாய்க் காசு போட்டன. இடியப்பமும் சம்பலும் மீன்குழம்பும் விற்பது என்று முடிவாயிற்று. குழந்தைவேலு தன் பங்குக்குப் பால் தருவதாகச் சொன்னார். கிறேசம்மா தன் ரோசாக் கோப்பைகளைப் பற்றிச் சொன்னபோது பெண்கள் கை தட்டினார்கள். "ஏன் தட்டுறியள், உடைஞ்சால் கட்டித் தரவேணும்," என்றாள்.

வள்ளம் புறப்பட்ட காலையில் கடல் நல்லாய்த்தான் இருந்தது. சாறாப்பிட்டிக் கிணற்று நல்ல தண்ணீரைப் பீப்பாக்களில் ஏற்றியிருந்தார்கள், கச்சதீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது என்பதால். சில்வெஸ்ரர் முன்பக்க அணியத்தில் நின்று அந்தோனியார் பாட்டை எடுத்துவிட, முழு வள்ளமும் பாடியது. அன்னமுத்து மட்டும் பால் குடத்தைக் கட்டிப்பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள். தீவில் இறங்கிப் பார்த்தால், அவ்வளவு கட்டிப்பிடித்தும் பால் திரைந்துபோய் இருந்தது.

அதைவிடப் பெரிய சோதனை பிறகு வந்தது. பற்றைகளுக்குப் பக்கத்தில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, இடியப்பத் தட்டுகளைப் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. அன்று தவசு காலத்து வெள்ளிக்கிழமை. பாதிச் சனம் ஒருசந்தி விரதம். மிச்சச் சனம், இராமேஸ்வரத்தார், மன்னாரார், யாழ்ப்பாணத்தார், எல்லோரும் வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார்கள். ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், மணம் பிடித்தார்கள், சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார்கள்.

கிறேசம்மா அடுப்படியில் இருந்துவிட்டாள். ஊர்ச் சனத்தின் காசு. தன் வாயால் வந்த வினை. சில்வெஸ்ரரைத் திருத்த வந்தவள் எல்லோரையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டாள் என்று நினைத்தாள்.

"ஏன் இப்படி இருக்கிறாய்? ஒரு வாய் தேத்தண்ணி குடி," என்று சில்வெஸ்ரர் கேத்திலை அடுப்பில் வைத்தார். இஞ்சி தட்டிப் போட்டு, பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டு பனங்கட்டியோடு ரோசாக் கோப்பையில் அவளுக்குக் கொடுத்தார்.

அவள் குடித்துக்கொண்டிருக்கையில் வெயிலில் வாடிப்போன ஒரு மனிதர், பேச்சில் இராமேஸ்வரத்துக்காரர், நின்று கேட்டார். "அம்மா, அந்த டீ கிடைக்குமா?"

"தாறம், இருங்கோ," என்றார் சில்வெஸ்ரர். கொடுத்தார். காசும் வாங்கவில்லை. அந்த மனிதர் போய் நாலு பேரோடு திரும்பி வந்தார். அவர்களுக்கும் சில்வெஸ்ரர் சிரித்துக்கொண்டே ஊற்றப் பார்க்க, கிறேசம்மா எழுந்து கேத்திலின் கைபிடியைப் பிடித்தாள்.

"இஞ்சரப்பா, பொறுங்கோ. ஓசியிலை குடுக்கிறதெண்டாலும் கதைச்சுப்போட்டுக் குடுப்பம்."

"அந்தோனியாற்றை இடத்திலை தண்ணிக்குக் காசு வாங்கிறதே?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அவள் யோசித்தாள். "சரி. பச்சைத் தண்ணி ஒருத்தருக்கும் விலையில்லை. ஒரு பீப்பா அதுக்கு. நடக்கேலாத கிழடுகட்டையளுக்கும் பிள்ளைத்தாய்ச்சியளுக்கும் தேத்தண்ணியும் விலையில்லை. மற்றவைக்கு ஒரு கோப்பை ஐம்பது சதம். ஓமோ?"

சில்வெஸ்ரர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார், பீப்பாக்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஓம்," என்றார்.

சிலுவைப்பாதை முடிந்து சனம் இறங்கியபோது கொட்டிலுக்கு முன்னால் கடற்கரை வரைக்கும் வரிசை நின்றது. அன்னமுத்து பனங்கட்டி உடைத்தாள். குழந்தைவேலு, மாட்டைத் தவிர வேறு எதையும் குளிப்பாட்டி அறியாதவர், குந்தியிருந்து ரோசாக் கோப்பைகளைக் கழுவினார். இந்தியக் காசும் இலங்கைக் காசும் ஒரே தகரப்பேணிக்குள் விழுந்தன. சில்வெஸ்ரர் ஊற்றியபடியே கூவினார்: "நெடுந்தீவுத் தண்ணி, இஞ்சித் தேத்தண்ணி, ஒருக்கால் குடிச்சால் ஊருக்குப் போக மனம் வராது." அவருடைய தாராள மனம் நாக்குக்கு ஏறிவிட்டது என்று கிறேசம்மா நினைத்தாள். ஒருசந்தி முடித்தவர்கள் தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் இடியப்பத்தின் மணம் பிடித்தார்கள். பொழுது படமுன்னமே குழம்புச் சட்டியை வழித்துத் துடைத்தாயிற்று.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வள்ளங்கள் வெளிக்கிடுகிற நேரம் சில்வெஸ்ரரைக் காணவில்லை. கிறேசம்மா இராமேஸ்வரத்து வியாபாரிகளின் பக்கம் ஓடினாள். அங்கே அவர் ஒரு நீலச் சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, வியாபாரி முணுமுணுக்க, அசையாமல் நின்றார்.

"எவ்வளவு நேரமாய் நிக்கிறன் தெரியுமே? நீ ஓமெண்டு சொன்னால்தானே வாங்கலாம்."

"எங்கடை திருநாள் குவியலுக்குள்ளை வருமோ?"

"வரும். பலூன் வாங்கேல்லை."

அவள் சேலையைத் தடவிப் பார்த்தாள். நல்ல நீலம். விலையைக் கேட்டாள், குறைத்தாள், இன்னும் குறைத்தாள், பிறகு "ஓம்" என்றாள். மிஞ்சிய காசுக்கு ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு இனிப்பும் வாங்கச் சொன்னாள். வெறுங்கையோடு போய் இறங்கினால் மனிதர் இரண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

போட்ட காசு அத்தனை குடும்பங்களுக்கும் திரும்பி வந்தது. ஆதாயத்தைப் பிரிக்கவில்லை. வலை கிழிந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தம் வந்தால், யாரும் எடுத்துத் திருப்பிக் கட்டலாம் என்று பொதுவில் வைத்தார்கள். அன்னமுத்துதான் முதலில் எடுத்தாள், மாட்டுக்கொட்டிலுக்குக் கிடுகு வாங்க. குழந்தைவேலுவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கிறேசம்மா நீலச் சேலையோடு மண்டபத்துக்குப் போனாள். வாசலிலே நிற்க இடமில்லை. அதுவரை எட்டியும் பார்க்காத கரைக் குடும்பங்கள், மேற்குப் பக்கத்துத் தோட்டக்காரர், புதிதாய்க் கலியாணம் கட்டி வெட்கத்தோடு நின்ற ஒரு சோடி, எல்லோரும் வந்திருந்தார்கள். ஜசிந்தா கதிரை போதாமல் தடுமாறினாள். சில்வெஸ்ரர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள்ளிருந்து வாங்குகளைத் தோளில் தூக்கி வந்து போட்டார். பிறகும் இடம் போதவில்லை. பிந்தி வந்தவர்கள் விறாந்தையில் பாய் விரித்து இருந்தார்கள்.

"பிள்ளை, எல்லாரும் வந்தாச்சு," என்றார் சில்வெஸ்ரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிறேசம்மாவுக்குப் பக்கத்தில் நெருக்கி இருந்து. "தொடங்குங்கோ."