நூத்திப் பதினெட்டும் இருபத்தஞ்சு டிகிரியும்

1

இந்தக் கதை பேப்பர்ல வந்த ஒரு துண்டுச் செய்தியில ஆரம்பிச்சுதுங்க. 2006 அக்டோபர். ஸ்கூல் சுவத்துல தொங்குமே தனிம அட்டவணை, அதுல நூத்திப் பதினெட்டாவத ஒரு லேப்ல உண்டாக்கிட்டாங்களாம்.* மொத்தமே மூணு அணு. ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குகூட நிக்கலையாம். உடைஞ்சுபோன தடத்த வச்சுதான் அது இருந்துச்சுங்கறாங்க.

(நம்புவீங்களா? எனக்கு சந்தேகம். அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி வேற ஒரு லேப்லயும் இதே நம்பர சொன்னாங்க. அப்புறம் பாத்தா, அளந்த கணக்க யாரோ மாத்தி வச்சிருந்தாங்களாம். வாபஸ்.)

*அந்த அட்டவணை எங்க முடியும்னு யாருக்கும் தெரியாதாம். உப்புத் தண்ணிக்காவது இருபத்தொம்பது டிகிரின்னு ஒரு எல்லை இருக்குது.

2

மரக்காணம் உப்பளத்தின் மேல் அன்று கருமேகம்... வேணாம். எல்லா கதையிலயும் மேகம் வருது.

அருக்காணி குத்தகைக்கு எடுத்த பாத்தியில் அந்த வருடத்தின் கடைசி உப்பு விளைந்துகொண்டிருந்தது. தண்ணீரின் உப்புச் செறிவு இருபத்தைந்து டிகிரி என்றால் விட்டுவைக்கலாம். காலையில் நல்ல உப்பு வாரலாம். இருபத்தொன்பதைத் தொட்டிருந்தால் உடனே வரப்பை வெட்டி வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு கசந்துபோகும். தண்ணீரை நாக்கில் வைத்துப் பயனில்லை, இரண்டும் ஒரே கரிப்பு.

அளக்க வந்தவன் சுப்ராயன். [போன வருஷம் அளக்குற குழாய முக்காமலே டிகிரி சொன்னவன். அவளோட உப்பு மொத்தமும் கசந்துச்சு.]

3

சுப்ராயன் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டான்.

"இருபத்தஞ்சு, அக்கா."

"போன வருஷமும் இதத்தான்டா சொன்ன."

"இப்ப உன் கண்ணு முன்னாடிதான முக்குறேன்? நீயே பாரு."

"எனக்கு அந்தக் கோட்டப் படிக்கத் தெரியாதுன்னுதான உனக்கு தெம்பு."

மூன்று முறை முக்கினான். மூன்று முறையும் இருபத்தைந்து.

"மூணு தடவ போதாதாக்கா?"

"பொய் சொல்றவன் முப்பது தடவயும் ஒரே மாதிரி சொல்லுவான். இது போச்சுன்னா தை மாசம் வரைக்கும் என் அடுப்புல நீயா வந்து ஒல வைப்ப?"

அவள் மண்வெட்டியை எடுத்து வரப்பின்மேல் வைத்தாள். பிறகு அவள்—

4

நிறுத்திட்டேன். ஒண்ண ஒத்துக்கணும். மொதல்ல எழுதினப்ப குழாய் இருபத்தொம்பதுதான் காட்டுச்சு. ஒருதடவ பொய் சொன்னவன் கடைசி வரைக்கும் பொய்யனாவே இருக்கணுமான்னு நான்தான் இருபத்தஞ்சாக்கினேன். கதைக்கும் அதான் நல்லா இருந்துச்சு. அந்த லேப்லயும் இப்படித்தான் யாரோ நெனச்சிருப்பாங்களோ என்னமோ.

(இல்ல, மொதல்லயே இருபத்தஞ்சுதானா? அந்த ஃபைல அழிச்சிட்டேன்.)

5

அளந்தவன் பொய்க்காரன். எழுதினவளும் பொய்க்காரி. தண்ணி பாத்தியில அப்படியே நிக்குது, மண்வெட்டி வரப்புமேல இருக்குது.

வெட்டுவீங்களா, விட்டுவைப்பீங்களா? இப்ப சொல்லாதீங்க, நம்ப மாட்டேன். காலையில ஒரு கல்லு உப்ப எடுத்து நாக்குல வச்சுட்டு வாங்க. உங்க மூஞ்சியப் பாத்து நானே தெரிஞ்சுக்குறேன்.