குடும்பத்தோடு வந்தால் மட்டும்

இது நடந்த வருஷம் எழுபத்தாறா எழுபத்தேழா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. கல்பகம் ஒரு மாதிரி சொன்னாள், எலிசபெத் வேறு மாதிரி சொன்னாள், கேட்ட எனக்கும் ஞாபகம் முன்போல இல்லை. ஹோட்டல் திரை பச்சை என்று எழுதப் போகிறேன்; அது நீலமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குபானி இனிப்பைப் பற்றி மட்டும் இருவரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். அதை நம்பித்தான் மற்றதையும் எழுதுகிறேன்.

கல்பகம் கும்பகோணத்துப் பெண். ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுக் கம்பெனியில் ஸ்டெனோ வேலை கிடைத்து வந்தாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு அவளை அவ்வளவு தூரம் அனுப்ப இஷ்டமில்லை. அண்ணன் பத்ரிநாராயணன்தான் நடுவில் நின்று ஓர் ஏற்பாடு செய்தான். செகந்தராபாத் ஸ்டேஷனில் இறங்கியதும், பெட்டியைக்கூடப் போர்ட்டரிடம் கொடுக்காமல், தங்கையை நேரே காசு போட்டு எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினான். விளக்குகள் சுற்றின, அட்டை விழுந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தீபாவளிக்கு வருவேன். இதுல ஒரு கிலோ குறைஞ்சிருந்தாலும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு என்னோட கிளம்பிடணும். அம்மாவுக்கு அப்படித்தான் வாக்குக் குடுத்திருக்கேன்."

கல்பகம் தலையை ஆட்டினாள். வேறு யாராவது ஆட்டியிருந்தால் பெரிய விஷயமில்லை. கல்பகம் சாப்பாட்டில் அப்படி ஒரு பேர்வழி. கேட்காமல் சாம்பார் ஊற்றிய இட்லி அவளைப் பொறுத்தவரை செத்துப்போன இட்லி. தயிர் நேற்றையதா இன்றையதா என்று எட்டி நின்றே சொல்லிவிடுவாள். குறை சொல்கிற பழக்கம் கிடையாது. தட்டை இரண்டு விரலால் மெல்லத் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்தச் சும்மா இருப்பதைப் பார்த்துச் சமைத்தவர்களுக்குத்தான் வேர்க்கும்.

விடுதியில் அவளுக்கு அறைத்தோழி எலிசபெத். நாகர்கோவில்காரி, மெட்டுகுடா பக்கம் ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்லையும் மண்ணையும் தவிர எதையும் சாப்பிடுவாள். அவள் டியூட்டிக்குப் போய்விட்டால் அறை முழுக்கக் கல்பகத்துக்கு. ஜன்னல், அதற்கு வெளியே ஒரு வேப்பமரம், மடியில் லைப்ரரிப் புத்தகம். கும்பகோணத்து வீட்டில் பத்துப் பக்கம் சேர்ந்தாற்போலப் படித்ததில்லை. அதற்குள் யாராவது அடுப்பைப் பார்க்கக் கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே அவளை யாரும் கூப்பிடவில்லை. இந்த அமைதிக்காக அவள் எதையும் விட்டுக்கொடுக்கத் தயார். ஆனால் வயிறு தயாராக இல்லை. மெஸ்ஸில் கோங்குராக் கீரை புளித்தது, பருப்பில் மிளகாய் எரிந்தது, சோறு பல்லில் தட்டியது. இரண்டு மாதத்தில் ரவிக்கை தொளதொளத்து, சேஃப்டி பின் குத்த வேண்டியதாயிற்று.

எலிசபெத் அந்தப் பின்னைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்பகத்தைச் சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு புறப்பட ஆரம்பித்தாள். உடுப்பி ஹோட்டலில் சாம்பார் பாயசம் மாதிரி தித்தித்தது. ஆந்திரா மெஸ்ஸில் முதல் கவளத்திலேயே காது அடைத்துக்கொண்டது. நம்மூர் மெஸ் என்று ஒருவர் சொல்லி அனுப்பிய இடத்தில் ரசம் வெந்நீர் ஆறியதுபோல இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் தட்டு இரண்டு விரல் தள்ளப்பட்டது.

"நீ சாப்பிட வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியாட்டி?" என்றாள் எலிசபெத், கல்பகத்தின் தட்டையும் சேர்த்துக் காலி செய்துகொண்டே.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு முக்குத் திருப்பத்து ஈரானி ஹோட்டல். டீ, பன், பிஸ்கட், இனிப்பு, ஆம்லெட். உள்ளே சலவைக்கல் மேஜைகளில் அத்தனையும் ஆண்கள். பின்பக்கம் பச்சைத் திரை போட்ட ஃபேமிலி ரூம். திரைக்கு முன்னால் காசிம் பாய் என்ற சர்வர், தோளில் துண்டுடன், கோட்டை வாசலில் நிற்பவர் போல நின்றார். மெட்டுகுடா ரயில்வேக்காரர்களுக்குப் பரிமாறிப் பரிமாறி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. ஃபேமிலி எங்கே என்று கேட்டார். இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஃபேமிலி ஆகாது என்பது அவர் கட்சி. ஆண்கள் பக்கம் உட்காருவதும் கூடாது. வெளியே மழை கொட்டுகிறதே என்றால், அதற்கு அவர் என்ன செய்வார்.

எலிசபெத் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஓரத்து மேஜையில் பெருமாள் சாஸரில் டீயை ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், பூர்வீகம் அரக்கோணம் பக்கம், வயது ஐம்பதுக்கு மேல். போன மாதம் நசுங்கின அவர் விரலுக்கு எலிசபெத்தான் கட்டுப் போட்டுவிட்டிருந்தாள். அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

"அப்பா," என்று வாசலிலிருந்தே கூப்பிட்டாள் எலிசபெத்.

பெருமாள் நிமிர்ந்தார். நர்ஸம்மாவைப் பார்த்தார், நனைந்த கல்பகத்தைப் பார்த்தார், திரைமுன் நிற்கும் காசிம் பாயைப் பார்த்தார். சாஸரைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இவ்ளோ நேரம்? எத்தினி டீதான் குடிக்கறது நானு?"

திரை விலகியது.

உள்ளே மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் மேஜை ஆடியது. பெருமாளுக்கு நாலும் பையன்கள். பெண் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஓய்ந்தவர். இன்றைக்கு ஒரே மழையில் இரண்டு. அந்த உற்சாகத்தில் இரண்டு கிண்ணம் குபானி கொண்டுவரச் சொன்னார். எனக்கு நக்கோ, வேண்டாம், சக்கரை வியாதி, அன்னக்கிளி கொன்னுடுவா என்றார். அன்னக்கிளி அவர் மனைவி.

குபானி என்பது உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழம். ஊறவைத்துச் சீனியோடு சுண்டக் காய்ச்சி, மேலே பாலாடை போட்டுத் தருவார்கள். கல்பகம் ஸ்பூனைத் துடைத்தாள். முகர்ந்தாள். ஓரத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். பிறகு பேசவில்லை. எலிசபெத்துக்கு அந்த மௌனம் பழக்கம். இரண்டு விரல் எப்போது நீளும் என்று காத்திருந்தாள்.  கல்பகத்துக்குப் புளிப்பு முதலில் வந்து, அதன் பின்னால் இனிப்பு தயங்கித் தயங்கி வந்து, கடைசியில் பாலாடை வந்து இரண்டையும் சமாதானப்படுத்தியது. நன்றாக முடிந்த ஒரு கதையைப் படித்ததுபோல இருந்தது.

"இன்னொண்ணு சொல்லலாமா?" என்றாள்.

எலிசபெத் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு ஞாயிறு சாயங்காலம் தவறவில்லை. மலாய் பன், உப்பும் இனிப்புமான பிஸ்கட்டை முக்கிச் சாப்பிட டீ, கடைசியில் குபானி. அக்கம்பக்கத்து ஆம்லெட்டைப் பார்க்காமல் இருக்கக் கல்பகம் பழகிக்கொண்டாள். பெருமாளுக்குக் கூலி ஒரு ஸ்பூன் குபானி. எலிசபெத் நர்ஸ் என்ற முறையில் அளந்து கொடுப்பாள். ஆனால் அவருக்குக் குபானியைவிட அப்பா வேஷம் பிடித்துவிட்டது. காசிம் பாய் காதுபட அதட்டுவார். மூத்தது வரன் எதையும் பார்க்க மாட்டேங்குது என்று அலுத்துக்கொள்வார். சின்னவள் கழுத்தில் சிலுவை ஏன் என்று காசிம் பாய் ஒருநாள் கேட்டதற்கு, கான்வென்ட்டில் படிக்க வைத்தேன், இப்படி ஆயிற்று என்று கையை விரித்தார். காசிம் பாய்க்கு அதில் உண்மையான வருத்தம். மூத்தவளுக்கு நல்ல இடம் அமையத் தொழுகையில் கேட்பதாகச் சொன்னார். கல்பகம் திரைக்குள் போய்ப் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு ஞாயிறு பெருமாளுக்கு ஷிப்ட். பெண்கள் இருவரும் தனியாக வந்தார்கள். காசிம் பாய் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "அப்பா வர்லே. நக்கோ," என்றார். அத்தனை பழக்கத்துக்கும் தயவு கிடையாது. திரும்பிப் போனார்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு காலை பத்ரிநாராயணன் ரயிலைவிட்டு இறங்கினான். அவனும் அதே வீட்டு நாக்கு. கட்டிக்கொண்டு வந்த புளியோதரை வழியில் ஊசிவிட்டது, ஸ்டேஷன்களில் விற்றது எதையும் தொடவில்லை, முகம் காய்ந்திருந்தது. பேச்சு எதுவுமில்லாமல் தங்கையை மெஷினில் ஏற்றினான். கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டான். அட்டை விழுந்தது. பழைய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கூடியிருந்தது. கொஞ்சமல்ல. கூட வந்திருந்த எலிசபெத் பெட்டிமேல் உட்கார்ந்து குலுங்கிச் சிரித்தாள்.

பத்ரி விடுதிக்கு வந்து மெஸ் சாப்பாட்டை ஒரு வாய் ருசி பார்த்தான். தட்டு இரண்டு விரல் நகர்ந்தது.

"இது மெஸ் சாப்பாட்டு எடை இல்லே. எங்கே சாப்பிடறே? யாரோட சாப்பிடறே? இன்னிக்கு அந்த இடத்தைப் பாக்கணும். பாத்துட்டுத்தான் நீ இருக்கறதா வரதான்னு சொல்வேன்."

கல்பகம் எலிசபெத்தைப் பார்த்தாள். பெருமாளை இன்று வரவேண்டாம் என்று சொல்ல எலிசபெத் உடனே மெட்டுகுடாவில் அவர் வீட்டுக்கு ஓடினாள். அண்ணனும் தங்கையும் போனால் அதைவிட அசல் குடும்பம் எது, யார் தடுப்பார்கள் என்பது இருவர் கணக்கும்.

காசிம் பாய் தடுத்தார்.

கல்பகத்தைப் பார்த்துச் சிரித்த முகம், பின்னால் வந்த பத்ரியைப் பார்த்ததும் அடைத்துக்கொண்டது. துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது. "அப்பா கஹாங், எங்கே?" என்றார். "இது யாரு?"

"அண்ணா," என்றாள் கல்பகம். 

"அண்ணா நக்கோ. எல்லாம் அண்ணான்னுதான் சொல்றது. ஹவ், ஆமா, நான் எத்தினி அண்ணா பாத்துருக்கேன். அப்பா வரட்டும்."

"எந்த அப்பா?" என்றான் பத்ரி. தங்கையிடம் திரும்பினான். "ஏண்டி, எந்த அப்பா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பத்ரி தன் பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் சொன்னான். காசிம் பாய் திரையின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இந்தப் பெண்ணின் அப்பா பெரிய மனுஷன், என்னை நம்பி விட்டிருக்கிறார், கண்ட ஆம்பிளையோடு உள்ளே அனுப்பிவிட்டு நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தனக்குத் தெரிந்த தமிழிலும் தெரியாத தமிழிலும் சொன்னார். கல்பகம் ஜன்னலையும் வேப்பமரத்தையும் நினைத்துக்கொண்டாள். இனி ஒளிப்பதில் பயனில்லை என்று தோன்றியது. மழை நாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அண்ணனிடம் நின்ற இடத்திலேயே சொன்னாள். ஒரு ஸ்பூன் கூலிவரைக்கும்.

சொல்லி முடிக்கும்போது வாசலில் பெருமாள். எலிசபெத் மெட்டுகுடா போய்ச் சேருவதற்குள் கிளம்பிவிட்டவர். புதுச் சட்டை வேறு.

காசிம் பாய் அவரை முன்னால் இழுத்துவந்து பத்ரியைக் காட்டினார். இவன் உங்கள் மகனா?

பெருமாள் பத்ரியைப் பார்த்தார். நெற்றியில் இருந்த நாமத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எப்படி வெளியே வருவது என்பதுதான் புரியவில்லை. 

"மூத்தவன்," என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "மெட்ராஸ்ல கீறான்."

"ஜாடையே இல்லே," என்றார் காசிம் பாய்.

"அவங்கம்மா ஜாடை."

எல்லோரும் பத்ரியைப் பார்த்தார்கள். அவன் காசிம் பாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரைக்கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. உள்ளேயிருந்து சுண்டிய பழத்தின் வாசனை வந்தது. இரண்டு நாள் பட்டினி. 

"உள்ளே போலாமாப்பா? பசிக்கறது," என்றான் பத்ரி, பெருமாளைப் பார்த்து.

திரை விலகியது. காசிம் பாய் பத்ரியின் முதுகில் தட்டி, முதலிலேயே அப்பாவோடு வந்திருக்கலாமே என்று கோபித்துக்கொண்டார்.

குபானி வந்தது. பத்ரி ஸ்பூனைத் துடைத்தான், முகர்ந்தான், ஓரத்தில் எடுத்தான். நீண்ட மௌனம். கல்பகத்துக்கு அந்த மௌனம் தன்னுடையது மாதிரியே இருந்தது. அவன் விரல்களையே பார்த்தாள். கிண்ணம் நகரவில்லை.

"நான் அங்கேருந்து உன்னைக் காபந்து பண்ணணும்னு தவிச்சுண்டிருக்கேன்," என்றான். "இங்கே ஒருத்தன் என்னையே உள்ளே விடலை." பாலாடையை இன்னொரு ஸ்பூன் எடுத்தான். "அம்மாகிட்ட மெஸ்ஸுன்னே சொல்லிக்கறேன். நீ இரு."

அதற்குள் எலிசபெத் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வாசலில் காசிம் பாய், உன் பெரிய அண்ணன் வந்திருக்கிறான் என்றார். அப்படியா, எப்ப வந்தான் என்று கண் சிமிட்டாமல் கேட்டுவிட்டு உள்ளே நுழைந்தவள், மேஜையைப் பார்த்து நின்றாள். இந்த அமளியில் ஒரு கிண்ணம் முழுக்கக் காலியாகிப் பெருமாள் முன்னால் இருந்தது. யாரும் எதுவும் கேட்பதற்குமுன் அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "மவன் வந்துகீறான்ல," என்றார்.

அப்புறம் ஆரம்பித்த சிரிப்பைப் பத்ரியாலும் அடக்க முடியவில்லை. காசிம் பாய் வெளியிலிருந்து திரையைத் தட்டி, இது குடும்பஸ்தர்கள் வரும் இடம் என்று எச்சரித்தார்.

கல்பகம் அந்தக் கம்பெனியிலேயே தொடர்ந்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பின்னாளில் சைனிக்புரியில் சின்ன வீடு வாங்கிக்கொண்டாள். எலிசபெத் திருமணமாகித் துபாய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்ரி வருஷா வருஷம் தீபாவளிக்கு வந்தான். ஹோட்டலுக்குள் மட்டும் பெருமாளை அப்பா என்று கூப்பிட்டான். பெருமாள் ரிடையராகி மூன்றாம் வருஷம் சர்க்கரையில் இறந்தார். அன்னக்கிளி மூத்த மகனோடு அரக்கோணம் போனாள். காசிம் பாய் அல்வாலில் மகள் வீட்டோடு இருந்து எண்பத்தொன்பதாம் வருஷம் காலமானார். ஹோட்டல் இருந்த இடத்தில் செருப்புக்கடை வந்தது.