ஞானதிரவியத்துக்கு ஒரு புளுகு

ஆண்டவர் தந்த தாலந்தைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னார் பாஸ்டர். சபையார் பாட்டு, சமையல் என்று எழுத, நான் ‘புளுகு’ என்று எழுதினேன். அதில் நான் உலக சாம்பியன். பாஸ்டர் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஞானதிரவியத்தைப் பார்க்க அனுப்பினார்.

பாலாநகர் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் என் புளுகைத் தாங்கியவர் அவர். இதே ஊரில் மாதாப்பூரில் இருக்கும் தன் ஒரே மகனோடு அவருக்கு ஏழு வருடமாகப் பேச்சில்லை.

அறை வாசலில் அவர் மனைவி எப்சிபா, “டாக்டர் மூணு நாள்தாங்கிறார் அண்ணே. அவங்ககிட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

உள்ளே போனேன். லிஃப்ட் மேலே வருவதற்குள் எனக்குத் தாடி முளைத்து, நரைத்தும் விட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“எல்லாரும் வீட்டுக்குப் போலாம்னு மழுப்புதாங்க. நீராவது சொல்லும் வே. எத்தன நாளு?”

நிதானமாக யோசித்து, “முப்பது நாள் இருக்கு வே” என்றேன்.

“உம்ம கணக்கப் பத்தால வகுக்கணும்லா,” என்றவர், வாசலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டார். “எப்சிபா, அந்தப் பயல இன்னைக்கே வரச் சொல்லு” என்றார்.

அவள் என்னை முறைத்தாள். “சொல்லிட்டீங்களா அண்ணே?”

“இல்லம்மா. புளுகத்தான் செஞ்சேன்.”

அவள் அழுதுகொண்டே மகனுக்குப் போன் போட்டாள்.