மேசையின் இடப்பக்கம்

உலகத்தில் பேய் என்று ஒன்று இருந்தால் அது முப்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே, காதுக்கு எட்டாத அடிநாதத்தில்தான் குடியிருக்கும், அதைக் காலிசெய்யத் தன்னிடம் ஒரு குமிழ் இருக்கிறது என்று ராட்கோ அறிவித்தான். பட்டப்பகல். சாவா ஆற்றில் மிதக்கும் அந்த கிளப்பில் அதைக் கேட்க நானும் முதலாளி சோர்க்கா அக்காவும்தான் இருந்தோம். அக்கா எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ராட்கோ இசை போட, ஆட்டம் சூடேறிய நேரத்தில் பாட்டு தானாக நின்றது. ஒரு தடவை அல்ல. டிஜே மேசையின் சுழல்தட்டில் கை பட்டால் பாட்டு நிற்கும். பேஸ், அதாவது அடிநாதம், அதிகமானால் அந்த அதிர்வையும் அது கை என்று எண்ணிக்கொள்ளும். இது ராட்கோவின் விளக்கம். இன்றைக்குச் சோதிக்கும்போதும் நின்றால் இனி வெள்ளிக்கிழமை ராத்திரி வேறொரு டிஜேவுக்கு என்பது அக்காவின் விளக்கம். அந்த வெள்ளிக்கிழமைக்காக அவன் பரீட்சையையே விட்டிருந்தான். எழுதியிருந்தாலும் தேறியிருக்க மாட்டான், அது வேறு விஷயம்.

"கோஸ்டாவுக்கு இன்னும் நாற்பதாம் நாள் வரலடா," என்றாள் அக்கா, தலை நிமிராமல். "அதுவரைக்கும் இங்கதான் சுத்திட்டிருப்பான். ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் ஊத்தி வச்சுட்டு, வலது பக்கமாத் தள்ளி நில்லு. இடது பக்கம் அவன் நிக்கிற இடம்."

கோஸ்டா இவனுக்கு முன்னால் இங்கே இசை போட்டவர். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

"செத்தவருக்கும் ஷிப்ட் போடுறீங்களாக்கா? லீவெல்லாம் உண்டா அவருக்கு?" என்றான் ராட்கோ.

அக்கா இன்னொரு எலுமிச்சையை எடுத்தாள்.

ராட்கோ மேசைக் கால்களுக்கடியில் கனத்த ஸ்பாஞ்சு வைத்தான். பெரிய ஸ்பீக்கரை மேசையிலிருந்து தள்ளி நகர்த்தினோம். பிறகு செட்டிங்கில் போய், தட்டின் தொடு உணர்வைக் கடைசி வரை குறைத்தான். பாட்டைப் போட்டுத் தட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தினான். பாட்டு ஓடியது.

"பாத்தியாடா, இப்ப நானே தொட்டாலும் அதுக்குத் தெரியாது."

பேஸை முழுக்க ஏற்றினான். கண்ணாடிக் குவளைகள் கிடுகிடுத்தன, நறுக்காத எலுமிச்சைகள் உருண்டன, என் பல்லில் இருந்த அடைப்பு கூட ஆடியது. பாட்டு நிற்கவில்லை. ராட்கோ அக்காவைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். அதற்குள் பாட்டில் பேஸ் அடங்கி, ஒரு பெண்குரல் மட்டும் மெல்லிசாக வரும் இடம் வந்தது.

அங்கே நின்றது.

மரத்தளத்துக்கடியில் ஆறு சளப் சளப் என்று அடிப்பது கேட்டது.

"இப்ப பேஸே இல்லையேடா," என்றேன்.

"தெரியுது. வாயை மூடு."

தொடு உணர்வையே அணைத்தான். இனி அந்தத் தட்டின் மேல் எருமை ஏறி நின்றாலும் பாட்டு நிற்க வழியில்லை. மறுபடி போட்டான். கைகளைக் கட்டிக்கொண்டு விலகி நின்றான். பெண்குரல் வந்தது. நின்றது. யாரும் தொடாத தட்டு ஒரு விரற்கடை அளவு பின்னுக்குச் சுழன்றது, இடம் பார்ப்பதுபோலத் தயங்கியது, பிறகு பாட்டை ஒரு தாளம் முன்னாலிருந்து சுத்தமாக எடுத்துக்கொடுத்தது. ராட்கோ ஒரு வருஷமாகப் பழகியும் அவனுக்கு வராத வேலை அது.

அக்கா ஐஸ் எடுக்க உள்ளே போயிருந்தாள். நான் பார்த்தேனா என்று அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன். அது இருவருக்குமே வசதியாக இருந்தது. புட்டியின் மூடி திறக்கும் சத்தம். ஊற்றும் சத்தம்.

நிமிர்ந்தபோது ராட்கோ மேசையின் வலது ஓரத்துக்குப் போயிருந்தான். நெரிசலான டிராமில் பருமனான ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பவனைப்போல, இடது தோளை ஒடுக்கிக்கொண்டு.